ஏரிக்கு மேலே இடிமேகம்

பெடு ஏரி மலேசியாவின் கெடா மாநிலத்தின் வடகிழக்கில், பாடாங் தெராப் மாவட்டத்தின் காட்டு மலைகளுக்கு நடுவே, தாய்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. இயற்கையில் அங்கே ஏரி எதுவும் இருந்ததில்லை. மூடா சமவெளியின் வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைவிக்க 1960களின் இறுதியில் ஆற்றை மறித்துக் கட்டிய அணையின் நீர்தான் ஏரியாகத் தேங்கியது. நிரம்பி நின்றால் சுமார் 107 கோடி கனமீட்டர் தண்ணீர் அதில் இருக்கும். பக்கத்து மூடா அணையின் நீர், ஆறு கிலோமீட்டருக்கும் கூடுதல் நீளமுள்ள சுரங்கம் வழியாக இதற்கு வந்து சேர்கிறது. பின்னாளில் அஹ்னிங் அணையும், சிக் வட்டாரத்தில் பெரிஸ் அணையும் எழுந்தன. வயலுக்காகத் தேக்கிய இந்த நீர்நிலைகள் இன்று தூண்டில்காரர்களும் குடும்பங்களும் விடுமுறைக்குப் போகும் இடங்களாகவும் ஆகிவிட்டன. சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் பக்கத்துத் தோட்ட மக்களும் நகரத்தாரும் பள்ளி விடுமுறையில் இங்கே வருகிறார்கள். ஏரியை நிரப்புவது பெரும்பாலும் பிற்பகல் இடிமழை. படகில் இருப்பவருக்கு ஆபத்தாக முடிவதும் அதே மழைதான்.

கெடாவில் வெயில்காலம் என்று மக்கள் சொல்வது டிசம்பர் கடைசியில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவக்காற்று தன் ஈரத்தைக் கிளந்தான், திரங்கானு கரைகளில் கொட்டிவிட்டுத் தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி வறண்ட காற்றாக மேற்கே இறங்குகிறது. ஜனவரி, பிப்ரவரி முழுக்க வானம் வெளுத்திருக்கும். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும். மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையான 40.1 டிகிரி செல்சியஸ், கெடாவின் வடக்கு அண்டை மாநிலமான பெர்லிஸின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று பதிவானது. 2016 ஏப்ரலில் வெப்பம் தாங்காமல் பெர்லிஸிலும் கெடாவின் பெண்டாங், குபாங் பாசு மாவட்டங்களிலும் பள்ளிகளை மூட வேண்டி வந்தது. இரண்டும் ஏப்ரலில் நிகழ்ந்ததற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ ஆறு பாகை வட அகலாங்கில் இருக்கும் கெடாவுக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் முதல் வாரத்தில். அடுத்த முறை செப்டம்பர் முதல் வாரத்தில்.

அந்தச் சமயத்தில் வடகிழக்குக் காற்று ஓய்ந்திருக்கும். தென்மேற்குக் காற்று இன்னும் நிலைபெற்றிருக்காது. பெரிய காற்று எதுவும் இல்லாதபோது உள்ளூர்க் காற்றுகள் தலையெடுக்கும். காலை பத்து மணிக்கு மேல் மலாக்கா நீரிணையிலிருந்து கடற்காற்று நெல்வயல்களைக் கடந்து உள்ளே நுழைகிறது. சூடேறிய மலைச்சரிவுகளில் காற்று மேல்நோக்கி ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடங்களில், அதாவது சிக், பாலிங், பாடாங் தெராப் மலையடிவாரங்களில், பிற்பகல் இரண்டு மணி வாக்கில் மேகங்கள் குவியத் தொடங்குகின்றன. சமவெளியில் தனித்து நிற்கும் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை தனக்கென்றே மேகம் சேர்த்துக்கொள்கிறது. சோழர் காலத்துக்கும் முன்பிருந்தே பழைய கெடாவான கடாரத்துக்கு வந்த மாலுமிகளுக்குக் கரை காட்டிய மலை அது. இன்று யான், மெர்போக், பீடோங் மக்களுக்கு மழை வருவதைக் காட்டும் அடையாளமாகவும் இருக்கிறது.

ஒரு குவிமேகம் இடிமேகமாக மாறுவதை நாற்பது நிமிடத்தில் தரையிலிருந்தே பார்க்கலாம். முதலில் அடி தட்டையாக, தலை பூக்கோசு வடிவில் எழும்பும். உள்ளே ஈரக்காற்று மேலே ஏறும்போது குளிர்ந்து நீராவி துளியாகிறது. துளியாகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றை இன்னும் இலேசாக்கி மேலே தள்ளுகிறது. ஈரம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு எரிபொருள். சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. அதற்கு மேலே பனிப்படிகங்களும் மென்மையான பனிக்குருணைகளும் மோதி மின்னூட்டம் பிரிகிறது. படிகங்கள் நேர்மின்னோடு உச்சிக்குப் போகின்றன; கனத்த குருணைகள் எதிர்மின்னோடு நடுவில் தங்குகின்றன. வெப்பமண்டலத்தில் மேகத்தின் உச்சி பதினாறு, பதினேழு கிலோமீட்டர் வரை போகும். அங்கே மேலும் ஏற வழியின்றிப் பட்டறைக்கல் போலப் பக்கவாட்டில் விரியும். உச்சியின் கூர்மையான விளிம்பு மங்கி நாராகக் கலைந்து தெரிந்தால் மேலே பனி உருவாகிவிட்டது என்று பொருள். அதன்பிறகு மின்னலை எந்த நிமிடமும் எதிர்பார்க்க வேண்டும்.

இந்த வளர்ச்சியை முதன்முதலில் முறையாக அளந்தது அமெரிக்காவில் 1946, 1947 ஆண்டுகளில் நடந்த இடிமழை ஆய்வுத் திட்டம். ஹோரஸ் பையர்ஸ், ராஸ்கோ பிராம் என்ற இரு வானிலையாளர்கள் இடிமேகங்களுக்குள் விமானங்களை அனுப்பி, ஒவ்வொரு மேகக் கூறுக்கும் வளரும் பருவம், முதிர்ந்த பருவம், கலையும் பருவம் என மூன்று இருப்பதைக் காட்டினார்கள். தனிக்கூறு ஒன்றின் ஆயுள் அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான். ஆனால் கெடாவின் மாலை மழை இரண்டு, மூன்று மணி நேரம் விட்டு விட்டுக் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது முரணாகத் தோன்றும். விடை, ஒரு கூறு சாகும்போது வெளிவிடும் குளிர்காற்றில் இருக்கிறது.

மழைத்துளிகள் விழும்போது சுற்றியுள்ள காற்றையும் கீழே இழுக்கின்றன. வழியில் சில துளிகள் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கின்றன. குளிர்ந்த காற்று கனத்து இன்னும் வேகமாக இறங்குகிறது. வாளித் தண்ணீரைச் சிமென்டுத் தரையில் ஒரே வீச்சில் கொட்டினால் எப்படி எல்லாப் பக்கமும் சீறிப் பரவுமோ அப்படி அது தரையைத் தொட்டதும் பரவுகிறது. அந்தப் பரவலின் முன்விளிம்புதான் மழைக்கு முன்னால் வரும் குளிர்காற்று. புழுக்கத்தில் இருப்பவருக்கு அது முதலில் சுகமாகவே இருக்கும். சில நிமிடங்களில் வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கிவிடும். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேலும் இது முன்னோக்கி ஓடக்கூடும். தன் வழியில் இருக்கும் சூடான ஈரக்காற்றை நெம்பி உயர்த்திப் புதுக் கூறுகளைப் பிறப்பிப்பதும் இதுவே. அதனால்தான் ஒன்று ஓய்ந்ததும் அடுத்தது எழுகிறது. இறங்குகாற்று மிகக் குறுகிய பரப்பில் மிகக் கடுமையாக விழுந்தால் அது கீழ்வெடிப்பு. 1970களில் வானிலையாளர் டெட் ஃபுஜிடா இதை விமான விபத்துகளின் வழியாகக் கண்டறிந்து விளக்கினார். தோட்டத்தில் ஒரு வரிசை மரங்கள் மட்டும் ஒரே திசையில் சாய்ந்து கிடக்க, அடுத்த வரிசை அசையாமல் நிற்பதைப் பார்த்து, சுழல்காற்று வந்துபோனது என்று பலர் சொல்வார்கள். மரங்கள் ஒரே பக்கமாகவோ விசிறி போல விரிந்தோ கிடந்தால் அது பெரும்பாலும் கீழ்வெடிப்பின் வேலை. உண்மையான சுழல்காற்றும் இப்பகுதிக்குப் புதிதல்ல. 2014 அக்டோபரில் பெண்டாங் வட்டாரத்தில் ஒன்று வீடுகளைச் சேதப்படுத்தியது. 2019 ஏப்ரல் 1 அன்று பினாங்கின் தஞ்சோங் தோக்கோங் கடலில் எழுந்த நீர்த்தாரை கரையேறிக் கூரைகளைப் பிய்த்தது.

இந்தக் காற்று நீரின் மேல் வரும்போது என்ன ஆகிறது? காட்டின் மேல் வீசும் காற்றை மரமுடிகள் பிடித்து நிறுத்துகின்றன. ஏரியின் வழுவழுப்பான பரப்பில் தடுக்க ஒன்றும் இல்லை. கரையிலுள்ள குடிசையில் ஒருவர் உணரும் காற்றைவிட நடு ஏரியில் இருப்பவர் உணரும் காற்று கடுமையானது. அலையின் உயரத்தை மூன்று முடிவு செய்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி நீரின் மேல் ஓடும் தூரம். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று பத்து கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் தொடர்ந்து வீசினால் முக்கால் மீட்டருக்கு மேல் அலை எழும். கடலில் அந்த உயரம் பெரிதல்ல. ஏரியில் அலைக்கும் அலைக்கும் இடைவெளி குறைவு. ஒன்றில் ஏறிய சிறு படகு இறங்குமுன் அடுத்தது முகப்பில் மோதும். விளிம்பு தாழ்ந்த தூண்டில் படகுக்கு அதுவே போதும். பெடு போன்ற அணை ஏரிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளத்தாக்கை நீர் மூழ்கடித்தபோது நின்ற மரங்கள் பட்டுப்போய் நீருக்குள்ளேயே நிற்கின்றன. அமைதியான நீரில் அவற்றை விலக்கிப் போகலாம். அலையும் மழையும் கண்ணை மறைக்கும்போது முடியாது.

2018ஆம் ஆண்டு ஒரு மாத இடைவெளியில் உலகின் இரு ஏரிகளில் நடந்த விபத்துகள் இதைத் துயரத்தோடு காட்டின. கெடாவுக்கு எதிர்க்கரையான சுமத்ராவின் தோபா ஏரியில் ஜூன் 18 அன்று சினார் பாங்குன் என்ற பயணிகள் படகு கவிழ்ந்தது. அளவுக்கு மீறி ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏற்றியிருந்த படகை மோசமான வானிலையும் உயர்ந்த அலைகளும் வீழ்த்தின. 160 பேருக்கு மேல் மூழ்கினார்கள். படகு கிடந்த ஆழம் சுமார் 450 மீட்டர். அங்கிருந்து அதை மேலே கொண்டுவர முடியவில்லை.

இரண்டாவது விபத்து ஜூலை 19 அன்று, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், பெடு போலவே அணையால் உருவான டேபிள் ராக் ஏரியில் நடந்தது. அன்று மாலை 6.32 மணிக்கு அப்பகுதிக்குக் கடும் இடிமழை எச்சரிக்கை வெளியானது. நிலத்திலும் நீரிலும் ஓடும் சுற்றுலா வண்டி ஒன்று 31 பேருடன் 6.55 மணி வாக்கில் ஏரியில் இறங்கியது. அப்போது நீர் அமைதியாக இருந்தது. சில நிமிடங்களில் முன்காற்று வந்து அடித்தது. மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வீச்சு பதிவானது. 7.08 மணிக்கு வண்டி மூழ்கியது. 17 பேர் இறந்தார்கள். எச்சரிக்கைக்கும் மூழ்கலுக்கும் இடையே 36 நிமிடம் இருந்தது. அதில் இருபது நிமிடத்துக்கு மேல் அவர்கள் தரையில்தான் இருந்தார்கள். இந்தக் கணக்கைவிடத் தெளிவாக வேறெதுவும் இந்த அத்தியாயத்தின் மையக் கருத்தைச் சொல்லாது: இடிமழையில் கையிருப்பு நிமிடங்கள் மட்டுமே, நீர் அமைதியாக இருப்பது அந்தக் கையிருப்பின் அளவைக் காட்டாது.

பெடுவில் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முன்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொண்டால் பத்து கிலோமீட்டரைக் கடக்கப் பதினைந்து நிமிடம் போதும். சிறு இயந்திரம் பொருத்திய படகு மணிக்கு 15 கிலோமீட்டர் போகும் என்றால், ஜெட்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் கரை சேர இருபது நிமிடம் வேண்டும். இடி காதில் விழுவதே பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும்போதுதான். அதாவது முதல் இடியைக் கேட்டுத் தூண்டிலைச் சுருட்டுபவர் ஏற்கெனவே ஐந்து நிமிடம் பிந்திவிட்டார். படகு வைத்திருப்பவர் தூரத்தை மீட்டரில் எண்ணாமல் நிமிடத்தில் எண்ண வேண்டியது இதனால்தான். கரைக்கு இருபது நிமிடம் ஆகும் இடத்தில் இருப்பவர், இடி கேட்கும் முன்பே, மேகத்தின் உச்சி விரியும்போதே கிளம்பியாக வேண்டும். மலைகள் சூழ்ந்த ஏரியில் மேற்குவானம் மறைந்திருக்கும் என்பதால் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் பகல் ஒரு மணிக்கு மேல் ஏரியின் தொலைவிலுள்ள கிளைகளுக்குள் போகாமல் இருப்பதே நல்லது. ஜெட்டிக்குப் போக நேரமில்லை என்றால் அருகிலுள்ள எந்தக் கரையிலும் ஒதுங்கலாம். உயிர்காப்பு மேலங்கியைக் காற்று வந்தபின் மாட்ட முடியாது. படகில் ஏறும்போதே மாட்டியிருக்க வேண்டும். முன்காற்றில் மாட்டிக்கொண்டால் முகப்பை அலைக்குச் சற்றுச் சாய்வாக வைத்து, எல்லோரும் படகின் தரையில் உட்கார்ந்து, மெதுவாக இயக்க வேண்டும்.

மின்னலின் கணக்கு வேறு. ஒளி உடனே வந்துவிடுகிறது. ஒலி ஒரு கிலோமீட்டருக்கு மூன்று விநாடி எடுத்துக்கொள்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடி என்றால் மின்னல் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்தது. மேகத்தின் விளிம்பிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மழையே இல்லாத இடத்திலும் மின்னல் விழுவதுண்டு. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் ஒதுங்க வேண்டும், கடைசி இடிக்குப்பின் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து வந்தது. நடைமுறையில் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். இடி கேட்டாலே மின்னல் எட்டும் தூரம்தான்.

மின்னல் எதைத் தேடுகிறது என்பதில் தவறான நம்பிக்கைகள் பல. கைப்பேசியோ மோதிரமோ அதை இழுப்பதில்லை. உயரமும் தனிமையும்தான் கணக்கு. ஏரி நடுவில் படகில் உட்கார்ந்திருப்பவரே அந்தப் பரப்பின் மிக உயர்ந்த புள்ளி. கரிம இழைத் தூண்டில் மின்சாரத்தைக் கடத்தும். நிமிர்த்திப் பிடித்தால் உயரத்தையும் கூட்டும். நீந்துபவரின் தலை நீருக்கு மேலே இருக்கிறது. அருகில் விழும் மின்னலின் மின்னோட்டமும் நீர்ப்பரப்பில் பரவி அவரை எட்டும். கரையேறியபின் பெரிய மரத்தடிக்கு ஓடுவது அடுத்த தவறு. மரத்தில் விழும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மீது தாவும். வேர் வழியே தரையில் பரவும்போது அகட்டி வைத்த இரு கால்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாட்டை உண்டாக்கும். தூண்டில்காரர்களும் நெல் விவசாயிகளும் ஒதுங்கும் திறந்த குடில்கள் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்கா. மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் உள்ள முழுக் கட்டடம், அல்லது கதவும் கண்ணாடியும் மூடிய கார் அல்லது லோரி, இரண்டில் ஒன்றே பாதுகாப்பு. காரைக் காப்பது டயரின் ரப்பர் என்பதும் தவறு. உலோக உடல் மின்னோட்டத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடுகிறது. மோட்டார் சைக்கிளுக்கும் டயர் உண்டு, பாதுகாப்பு இல்லை.

உலகிலேயே மிக அடர்த்தியாக மின்னல் விழும் இடமும் ஓர் ஏரிதான். வெனிசுவேலாவின் மராகைபோ ஏரியில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 233 மின்னல்கள் என்று செயற்கைக்கோள் பதிவுகள் காட்டுகின்றன. அங்கே பெரும்பாலும் இரவில்தான் மின்னுகிறது. பகலில் நீர் நிலத்தைவிடக் குளிர்ந்திருப்பதால் மேகம் கரையின் மேல் எழும்புகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர, வெப்பத்தை விடாத நீரின் மேல் சுற்றுக் கரைகளிலிருந்து வரும் காற்றுகள் சந்தித்து மேலெழுகின்றன. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் இதே இயக்கம்தான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மீனவர்கள் அங்கே உயிரிழப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் இரவுப் புயல்களின் பங்கு பெரிது. பெடு ஏரி இப்படித் தனக்கென்று புயலை உருவாக்கும் அளவுக்குப் பெரியதல்ல. கெடாவுக்கு அந்த வேலையைச் செய்வது மலாக்கா நீரிணை. ஒருபுறம் சுமத்ரா, மறுபுறம் தீபகற்பம் என இரு கரைகளின் நிலக்காற்றும் சூடான நீரின் மேல் இரவில் கூடுகின்றன. தென்மேற்குப் பருவத்தில், குறிப்பாக மே முதல் செப்டம்பர் வரை, அங்கே திரளும் இடிமேகங்கள் நீண்ட வரிசையாகக் கிழக்கே நகர்ந்து விடியலுக்கு முன்னோ காலையிலோ கரையைத் தொடுகின்றன. இந்தப் புயல்வரிசையில் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று வீசுவது வழக்கம்.

அது கரையேறும் நேரம்தான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் நேரம். மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும் விடியற்காலையில் பால் நன்றாக வடியும். அதனால் தொழிலாளர்கள் தலைவிளக்கோடு இருட்டிலேயே மர நிரைக்குள் இறங்கிவிடுகிறார்கள். இருட்டில் மேற்குவானம் தெரியாது. இலைகளுக்கு மேலே அவ்வப்போது பளிச்சிடும் ஒளியும், அசையாதிருந்த மரமுடிகளில் திடீரென எழும் இரைச்சலும்தான் முன்னறிவிப்பு. இரைச்சல் கேட்டபின் இருப்பது ஓரிரு நிமிடம். ரப்பர் மரம் காற்றுக்கு எளிதில் முறியும் இனம். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் எந்த வட்டாரத்தில் எந்த ஒட்டுவகையை நடலாம் என்று பரிந்துரைத்தபோது காற்றுச்சேதத்தையும் கணக்கில் எடுத்தது அதனால்தான். பெரிய முடியைத் தாங்கும் கிளைக்கவைகள் பிளக்கும். வெட்டுப்பட்டை உள்ள அடிமரமே சில வேளை முறியும். வெட்டுக்காரர் பால்வாளியை விட்டுவிட்டு நிரையிலிருந்து விலகிக் கட்டடத்துக்கோ வண்டிக்கோ போக வேண்டும். மழையில் கரைந்துபோகும் பாலோடு ஒரு நாள் கூலியும் போகலாம் என்ற அச்சம் அவரை அங்கேயே நிறுத்துகிறது. இந்த இடத்தில் முடிவு வெட்டுக்காரருடையதாக மட்டும் இருக்கக்கூடாது. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தில், வானிலை எச்சரிக்கையைப் பார்த்து நிரைக்கு அனுப்புவதா, காத்திருப்பதா என்று சொல்வது நிர்வாகத்தின் கடமை. செம்பனைத் தோட்டத்தில் ஆபத்து பிற்பகலில். உயர்ந்த மரங்களில் குலை வெட்டுபவர் பத்து மீட்டருக்கு மேல் நீளும் உலோகக் கழியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார். இடி கேட்டதும் கழி தரையில் கிடக்க வேண்டும்.

வீடுகளுக்கு வரும் சேதம் கூரையில் தொடங்குகிறது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது; வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 24 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் தரும். 108 கிலோமீட்டரில் அது 55 கிலோவை நெருங்கும். தகரக் கூரையின் ஓரம் ஓர் இடத்தில் தூக்கினால் காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளுகிறது. பழைய லயங்களில் துருப்பிடித்த ஆணிகளை மாற்றித் திருகாணியும் வாசரும் போடுவது வெயில்காலத்திலேயே முடிக்க வேண்டிய வேலை. வீட்டை ஒட்டி நிற்கும் பட்டுப்போன மரத்தை வெட்டுவதும் அப்படியே.

மழை விழும் இடத்தில் இல்லாதவர்களையும் இடிமழை கொல்கிறது. பத்து சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அது ஐந்து லட்சம் டன் தண்ணீர். செங்குத்தான ஓடையில் அது சுவராகத் திரண்டு, பாறையும் மரமும் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது. மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பது இதைத்தான். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையில் கொட்டிய மழை யான் பக்கத்து ஓடைகளில் இப்படிச் சேறும் மரமுமாக இறங்கி ஆறு பேரின் உயிரைப் பறித்தது. 2022 ஜூலை 4 அன்று பாலிங்கின் கூப்பாங் வட்டாரத்தில் மலையிலிருந்து வந்த வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது, மூவர் இறந்தனர். அருவியில் குளிப்பவர் தலைக்கு மேலே வானம் தெளிந்திருக்கலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் கூடுதலாக மிதந்து வருவது, மேலே இரைச்சல் கேட்பது, சில வேளை நீர்வரத்து சட்டெனக் குறைவது, இவையே அடையாளம். பொருட்களை எடுக்காமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடையின் போக்கிலேயே கீழே ஓடுபவரை நீர் பிடித்துவிடும். அணை ஏரிக்குள் சேரும் ஓடைவாய்களில் கூடாரம் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை இடிமழை எச்சரிக்கையை மாவட்டம் மாவட்டமாகப் பெயர் சொல்லி வெளியிடுகிறது. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை தரும் இடிமேகம் உருவாகும் அறிகுறி தெரிந்தாலோ, அப்படிப்பட்ட மழை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்றாலோ எச்சரிக்கை வரும். அது செல்லுபடியாவது அதிகம் ஆறு மணி நேரம். முந்தைய இரவின் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு ஏரிக்குப் போவது போதாது. துறையின் மைசுவாச்சா செயலியையும் ரேடார் படத்தையும் படகில் ஏறுமுன் பார்க்க வேண்டும். அலோர் ஸ்டாரிலுள்ள ரேடார் கெடாவின் வடக்கைப் பார்க்கிறது. அடுத்தடுத்த படங்களில் மழைத்திட்டு நகரும் திசையைக் கவனித்தால் வரும் நேரத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். நகரும் திட்டைக் கணக்கிடலாமே தவிர, தலைக்கு மேலேயே புதிதாக முளைக்கும் கூறை அது முன்கூட்டிக் காட்டாது. காட்டுக்கு நடுவே தொலைபேசி அலை கிடைக்காத ஏரிக் கிளைகளும் உண்டு. எனவே கரையில் ஒருவர் செயலியைப் பார்ப்பதும், படகுக்குச் சொல்ல ஒரு முறையை முன்பே பேசிவைப்பதும், திரும்பும் நேரத்தை ஜெட்டியில் சொல்லிவிட்டுப் போவதும் வேண்டும். ஆற்று நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை இணையத்தில் காட்டுகிறது.

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்காது, உடனே தொடலாம். மூச்சும் இதயமும் நின்றிருந்தால் 999 எண்ணுக்கு ஒருவர் அழைக்க, இன்னொருவர் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தெரிந்தவர் செயற்கை மூச்சும் தர வேண்டும். பலரைத் தாக்கியிருந்தால் அசைவற்றுக் கிடப்பவரை முதலில் கவனிக்க வேண்டும். முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அசைவற்றவருக்கு அந்தச் சில நிமிடங்களே வாய்ப்பு. சிகிச்சையாளரும் திறந்த வெளியில் இருப்பதால், முடிந்தால் நோயாளியை வண்டிக்குள் கொண்டுபோய்த் தொடர்வது நல்லது.

மழை விட்டு, கடைசி இடிக்குப்பின் அரை மணி நேரம் பொறுத்து வெளியே வருபவருக்கும் கவனிக்க வேண்டியவை உண்டு. அறுந்து கிடக்கும் மின்கம்பியையும், அது தொட்டுக்கொண்டிருக்கும் வேலி, தேங்கிய நீர் ஆகியவற்றையும் நெருங்காமல் மின்சார நிறுவனமான தெனாகா நேசனலுக்குச் சொல்ல வேண்டும். ஏரியில் ஓடைகள் கொண்டுவந்த கட்டைகள் பாதி மூழ்கி மிதக்கும். இருட்டுமுன் மெதுவாகத் திரும்பாத படகு அவற்றில் மோதும். தோட்டத்தில் காற்றில் விரிசல் விட்டு நிற்கும் மரங்களும் தொங்கும் கிளைகளும் ஓரிரு நாள் கழித்து, காற்றே இல்லாத காலையில் கூட விழும். ஆகவே அடுத்த வெட்டுக்கு முன் நிரைகளைப் பகல் வெளிச்சத்தில் நடந்து பார்த்து, அப்படிப்பட்ட மரங்களுக்கு அடையாளம் இட்டு, அவற்றை வெட்டிச் சாய்க்கும்வரை அந்த நிரையை மூடி வைக்கிறார்கள்.